ஃபயர் ஐலண்டுக்கு ஒரு நாள் போதுமா?

ஒரு வாசகர், ஜூன் 9

போன வாரம் நியூயார்க்கின் லாங் ஐலண்டை ஒட்டி இருக்கும் ஃபயர் ஐலண்ட் தீவுக்குப் போய்வந்தோம். லாங் ஐலண்டின் பே ஷோர் துறையில் படகு ஏறி, தீவில் ஓஷன் பீச் என்ற ஊரில் இறங்கினோம். கடற்கரை அழகு, அதை மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரோரம் சாப்பிட உட்கார்ந்தால் காட்சிக்குத்தான் காசு வாங்குகிறார்கள். அதே மட்டிச் சிப்பியும் மீனும் லாங் ஐலண்டில் எந்த ஊரிலும் இதைவிட மலிவாகக் கிடைக்கும். நான்கு மணிப் படகில் திரும்பிவிட்டோம். அந்தத் தீவுக்கு ஒரு நாள் போதும் என்பது என் முடிவு. வேறு மாதிரி நினைப்பவர் யாராவது இருக்கிறீர்களா?

ஜூன் 9, இரவு

நான் இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் மூன்று கோடை அந்தத் தீவில், தண்ணீரை ஒட்டிய ஓர் உணவகத்தின் கிச்சனில் வேலை செய்தவன். அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று ஆன பிறகும் ஒவ்வொரு கோடையும் சில நாளாவது போய்வருகிறேன். நீங்கள் நான்கு மணிப் படகைப் பிடித்ததைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கல்யாண வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் பந்திக்கு முன்பே கிளம்பியது போல இருக்கிறது. இருட்டும் வரை இருந்து, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஜூன் 10, காலை

நேற்று அவசரத்தில் எழுதியதில் ஒரு பிழை. கோடையில் அங்கே சூரியன் கடலில் இறங்காது.

தீவு ஏறக்குறைய கிழக்கு மேற்காக 32 மைல் நீளத்துக்குக் கிடக்கிறது. தெற்கே அட்லாண்டிக். வடக்கே, தீவுக்கும் லாங் ஐலண்டுக்கும் நடுவில் கிரேட் சவுத் பே. ஜூனில் சூரியன் வடமேற்கில் மறைவதால் பே பக்கத்துத் தண்ணீர்தான் சிவக்கும். டிசம்பரில் அது தென்மேற்குக்குப் போய்விடும். அப்போது பெருங்கடல் பக்கம் நின்றால்தான் தெரியும், நின்று பார்க்க ஆள் அதிகம் இருக்காது.

உணவகங்கள் பெரும்பாலும் பே பக்கமே இருப்பது சூரியனுக்காக இல்லை. படகு அங்கேதான் அணைகிறது. பெருங்கடல் பக்கம் அலை அடிக்கிறது, அதற்குப் பின்னால் மணல்மேடு. அந்த மேட்டில் ஏறி மிதிக்கவே விடமாட்டார்கள். அதில் முளைத்திருக்கும் புல்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பே பக்கமோ சராசரி ஆழமே நாலடி சொச்சம். நீர் ஏறி இறங்குவதும் ஓர் அடி வாக்கில்தான். மரத்தூண் நட்டுப் பலகை அடித்துத் தண்ணீருக்கு மேலேயே மேசை போட்டுவிடலாம். ஆக, ஓஷன் பீச்சில் நீங்கள் சாப்பிட்டது ஓஷனைப் பார்த்தபடி இல்லை.

ஜூன் 10, மாலை

பே என்பதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அகராதியில் விரிகுடா என்று இருக்கும். அம்மா ஒரு கோடையில் வந்திருந்தார், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். படகு பாதித் தூரம் போனதும் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா கடல்னு சொன்னே? காயல்லா இது!" என்றார். அன்றிலிருந்து எனக்கு அது காயல். இனி அப்படியே எழுதுகிறேன்.

ஜூன் 12

காட்சிக்குக் காசு என்ற பேச்சுக்கு வருகிறேன். கோடையில் ஊர்களுக்குள் கார் ஓடுவதில்லை. தீவின் மேற்குப் பக்கம் ராபர்ட் மோசஸ் பூங்காவுக்கு ஒரு பாலம், கிழக்கே ஒரு பாலம், இரண்டும் அந்தந்த இடத்தோடு சரி. நடுவில் இருக்கும் ஊர்களுக்கு பே ஷோர், சேவில், பேட்சாக் துறைகளிலிருந்து படகுதான். 1962 மார்ச்சில் பெரிய புயல் அடித்த பிறகு, தீவின் நீளத்துக்கும் சாலை போட்டுவிட வேண்டும் என்று ராபர்ட் மோசஸ் கிளம்பினார். நியூயார்க்கின் பாதிச் சாலைகளுக்குப் பின்னால் நின்ற மனிதர் அவர். தீவுக்காரர்கள் விடவில்லை. 1964 செப்டம்பரில் தேசியக் கடற்கரையாக அறிவிக்கும் சட்டம் வந்தது, சாலைத் திட்டம் அதோடு முடிந்தது. மோசஸின் பெயர் வைத்த பூங்காவோடு சாலை நின்றுபோயிருப்பதை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன்.

கார் இல்லை என்றால் லாரியும் இல்லை. ஒரு மூட்டை வெங்காயம் எங்கள் கிச்சனுக்கு வந்த வழியைச் சொல்கிறேன். லாரியில் துறைக்கு வரும். அங்கே இறக்கிச் சரக்குப் படகில் ஏற்ற வேண்டும். இந்தப் பக்கம் இறக்கிக் கைவண்டியில் வைக்க வேண்டும். பலகைப்பாதையில் உருட்டிக்கொண்டு வந்து பின்வாசல் படியில் தூக்க வேண்டும். ஐஸ், பீர்ப் பீப்பாய், எண்ணெய், நாப்கின் எல்லாவற்றுக்கும் இதே வழி. காலி பாட்டிலும் குப்பையும் இதே வழியாகத் திரும்பும். வருமானம் வருவது மே கடைசியில் மெமோரியல் டே தொடங்கி செப்டம்பர் முதல் திங்கள் லேபர் டே வரை. பதினான்கு பதினைந்து வாரம். அதில் மூன்று சனிக்கிழமை மழை பெய்தால் முதலாளியின் முகத்தைப் பார்க்கவே முடியாது.

ஒரு சனிக்கிழமை காலையில் பனிமூட்டம். எதிர்க்கரை தெரியவில்லை, படகுத்துறையின் முனையே தெரியவில்லை. சரக்குப் படகு வரவில்லை. எங்களிடம் மீன் ஒரு பெட்டிகூட இல்லை. மதியம் பன்னிரண்டுக்குச் சமையல்காரர் கரும்பலகையில் எழுதியிருந்த மீன் அயிட்டம் எல்லாவற்றையும் துணியால் துடைத்தார். மிச்சம் நின்றது இரண்டே வரி. பக்கத்தில் மட்டி எடுக்கிறவர் ஒருவர் தன் சின்னப் படகில் கரையை ஒட்டியே வந்து நான்கு பை கொடுத்துவிட்டுப் போனார். அன்று முழுக்க மட்டியும் பாஸ்தாவும் மட்டும் போட்டோம். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு என்ன விலை சரி என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் காட்சிக்கு வாங்கிய காசு இல்லை அது.

ஜூன் 13

ஓஷன் பீச்சில் தின்பண்டத்தோடு நடந்தால் அதட்டுகிறார்களாமே என்று கேட்டவருக்கு: உண்மைதான். அந்த ஊருக்கு "கூடாதுகளின் நாடு" என்றே பட்டப்பெயர். கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கும் கட்டுப்பாடு உண்டு. சின்ன வயதில் எனக்கும் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது கோடையில் காலை ஆறு மணிக்கு அந்தக் கடற்கரையில் நடந்தேன், ஒரு காகிதக் குவளைகூட இல்லை. அதற்குப் பிறகு எரிச்சல் போய்விட்டது.

ஜூன் 21

"அதே மட்டி எங்கேயும் கிடைக்கும்" என்ற வரிக்குப் பதில் எழுதாமல் இத்தனை நாள் ஓடிவிட்டது. பதில் நீளம்.

1970களில் அமெரிக்கா தின்ற கெட்டி ஓட்டு மட்டியில் பாதிக்கு மேல் இந்தக் காயலிலிருந்து போனது. எங்கள் கிச்சனுக்கு மட்டி கொண்டுவந்த கிழவர் அந்தக் காலத்தில் பையனாக இருந்தவர். நீளக் கழியில் மாட்டிய இடுக்கியால் அடியைத் துழாவி எடுப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் படகில் ஏறி, இருட்டுவதற்குள் அப்பாவின் கூலிக்குச் சமமாகச் சம்பாதித்துவிடுவேன் என்று சொல்வார். அளவுக்கு மீறி எடுத்தார்கள். 1985இல் காயல் முழுக்கத் தேநீர் நிறத்தில் பாசி பூத்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பாசி. அது பெருகினால் மட்டிக் குஞ்சு இரை எடுக்காமல் செத்துப்போகும். பல வருடம் அது திரும்பத் திரும்ப வந்தது. மட்டியை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு தொழிலுக்குப் போயின. கிழவரின் இரண்டு மகன்களும் தச்சு வேலைக்குப் போய்விட்டார்கள்.

பிற்பாடு நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கைக்குக் காயலின் அடித்தரையில் சுமார் 13,000 ஏக்கர் வந்தது. அதில் தாய் மட்டிகளை விட்டுப் பெருக்கப் பார்த்தார்கள். 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் தீவின் கிழக்குப் பாதியில், ஓல்ட் இன்லெட் என்ற இடத்தில் தீவையே வெட்டித் திறந்துவிட்டது. அது காட்டுப்பகுதியாகக் காக்கப்படும் இடம், அதனால் உடனே அடைக்காமல் விட்டார்கள். பெருங்கடல் தண்ணீர் உள்ளே வந்துபோக ஆரம்பித்ததும் காயலின் அந்தப் பக்கம் தெளிந்தது. நான் அடுத்த வருடம் போனபோது அடியில் கிடந்த என் கால்விரல் தெரிந்தது.

இன்று ஒரு தட்டில் ஆறு மட்டி வந்தால், அவை இந்தக் காயலில் எடுத்தவையா என்று பரிமாறுகிறவரைக் கேளுங்கள். ஆமாம் என்றால் எலுமிச்சம்பழம் மட்டும் பிழிந்து பச்சையாகச் சாப்பிடுங்கள். செர்ரிஸ்டோன் என்னும் நடுத்தர அளவு நன்றாக இருக்கும்.

ஜூன் 22

நேற்று எழுதியதைத் திருத்துகிறேன். செர்ரிஸ்டோன் என் ருசிக்குச் சரி. பழக்கமில்லாதவர் அதைவிடச் சின்னதான லிட்டில்நெக்கில் தொடங்குவது நல்லது, மெல்லுவதற்கு இளசாக இருக்கும். எல்லாவற்றிலும் பெரியதைச் சூப்புக்குத்தான் வைத்துக்கொள்வார்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் பச்சையாகத் தொடவே வேண்டாம். கோடையில் தண்ணீர் சூடாகும்போது அதில் பெருகும் கிருமி அவர்களுக்கு உயிராபத்து.

பரிமாறுகிறவரைக் கேளுங்கள் என்றேன், அதற்கு ஆதாரமும் உண்டு. மட்டிப் பை ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டுக் கட்டியிருக்கும்: எந்தத் தண்ணீரில், எந்தத் தேதியில், யார் எடுத்தது. பை காலியான பிறகும் சீட்டை 90 நாள் வைத்திருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதைத் தெரியாமல் இரண்டு சீட்டைக் குப்பையில் போட்டேன். சமையல்காரர் திட்டவில்லை. குப்பைப் பையைத் தரையில் கொட்டித் தானே குனிந்து தேடி எடுத்துத் துடைத்து, ஆணியில் குத்தினார். யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால் அந்தச் சீட்டை வைத்துத்தான் எந்தத் தண்ணீர் என்று பிடிப்பார்கள் என்று விளக்கினார். பெருமழை பெய்தால் கரையின் அழுக்கு அடித்துக்கொண்டு வரும். சில இடங்களில் மட்டி எடுப்பதை அரசு சில நாளுக்கு நிறுத்திவிடும். அந்த நாளில் "மட்டி இல்லை" என்று சொல்லும் உணவகம்தான் நம்பிப் போகக்கூடிய உணவகம்.

சூப்பு விஷயம் விட்டுப்போயிற்று. பால் விட்டு வெள்ளையாகச் செய்வது நியூ இங்கிலாந்து முறை. தக்காளி போட்டுச் சிவப்பாகச் செய்வது மன்ஹாட்டன் முறை. இரண்டையும் கலந்து இளஞ்சிவப்பாக ஊற்றினால் லாங் ஐலண்ட் முறை. எனக்கு மூன்றாவது.

ஜூலை 5

நேற்று தீவின் பைன்ஸ் என்ற ஊரில் கூட்டம். பெண் வேடமிட்டவர்களை ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான செர்ரி குரோவிலிருந்து வரும் பெரிய படகைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். இதற்கும் தண்ணீரோரச் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மகள் கேட்டாள். சம்பந்தம் உண்டு. செர்ரி குரோவைச் சேர்ந்த டெரி வாரன் 1976இல் பெண் உடையில் பைன்ஸுக்கு வந்து ஓர் உணவகத்தில் உட்கார்ந்தார். பரிமாற மறுத்துவிட்டார்கள். ஜூலை 4 அன்று அவருடைய நண்பர்கள் எல்லாரும் பெண் வேடமிட்டு வாடகைப் படகில் ஏறி அந்தத் துறைக்கே வந்து இறங்கினார்கள். அதிலிருந்து வருடா வருடம் வருகிறார்கள், பைன்ஸே துறையில் திரண்டு நின்று கைதட்டி வரவேற்கிறது. ஒரு மேசையில் இடம் கொடுக்காததில் தொடங்கிய கதை. என் மகள் இரவு படுக்கப் போகும்வரை அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14

இன்று ஒருவர் கடற்கரையில் ஈ கடித்துப் பிடுங்குகிறது, ஓடி வந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறார். காற்றைப் பார்க்காமல் போயிருக்கிறீர்கள். கோடையில் வழக்கமாகப் பிற்பகல் ஆனால் தென்மேற்கிலிருந்து கடல்காற்று எழும்பும். அது இருக்கும்வரை மணலில் ஈ தலைகாட்டாது. காற்று வடக்கிலிருந்து அடித்தால் ஈக்களைத் தள்ளிக்கொண்டு வந்து பெருங்கடல் கரையில் விட்டுவிடும். பார்க்க வீட்டு ஈ மாதிரிதான் இருக்கும், கணுக்காலைக் கண்டால் விடாது. அன்றைக்குக் காயல் பக்கம் போங்கள், அங்கே காற்று நேராக முகத்தில் அடிக்கும்.

தென்மேற்குக் காற்று வலுத்த சாயங்காலம் தண்ணீரோர மேசையில் நாப்கின் பறக்கும், மெழுகுவத்தி நிற்காது. சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னால் பெரும்பாலும் காற்று அடங்கிவிடும். அந்த அரை மணியில் உட்காருகிற மாதிரி மேசை கேளுங்கள். இது நான் மூன்று கோடை பறந்த நாப்கின்களைப் பொறுக்கித் தெரிந்துகொண்டது.

உண்ணி பற்றியும் ஒரு வார்த்தை. மான் தாராளமாகத் திரியும், உண்ணி அதோடு வரும், லைம் காய்ச்சல் உண்ணியோடு வரும். புதருக்குள் போகாமல் பலகைப்பாதையிலேயே நடங்கள். ராத்திரி பிள்ளைகளின் முழங்கால் பின்புறமும் காதோரமும் பாருங்கள்.

ஜூலை 29

இழுவண்டியைப் பற்றி எழுதாமல் இந்தத் தீவைப் பற்றி எழுதவே கூடாது. படகுத்துறையில் வரிசையாக நிற்கும் சின்னச் சிவப்பு வண்டிகள், ஒவ்வொன்றிலும் வீட்டின் பெயரோ எண்ணோ எழுதியிருக்கும். பெட்டி, காய்கறி, தூங்கிப்போன குழந்தை எல்லாம் அதில்தான் வீடு போய்ச் சேரும். வெள்ளிக்கிழமை சாயங்காலப் படகு வரும்போது ஊர்ப் பிள்ளைகள் வண்டியோடு காத்திருந்து, சாமான் இழுத்துக்கொடுத்து டாலர் வாங்குவார்கள். இன்னும் சின்னதுகள் கிளிஞ்சலுக்கு வண்ணம் அடித்துப் பாதையோரம் பரப்பி வைத்து விற்கும். என் மகன் ஏழு வயதில் ஒரு முழுக் காலை உட்கார்ந்து மூன்று விற்றான். அதில் இரண்டை வாங்கியது பக்கத்துக் கடை போட்டிருந்த சிறுமி. அவளுடைய இரண்டை இவன் வாங்கிக்கொண்டான்.

தீவின் ஃபேர் ஹார்பர் என்ற ஊரில் சனிக்கிழமை ஆறு மணி வாக்கில் ஊரே கையில் குவளையோடு துறையில் கூடும். "சிக்சிஷ்" என்று பேர். மேசை இல்லை, நாற்காலி இல்லை, பில் இல்லை. பலகையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டியதுதான். ஜூன் 9 அன்று கேள்வி கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ளவும்.

ஆகஸ்ட் 7

கலங்கரை விளக்கம் பற்றிக் கேட்டிருந்தார்கள். இப்போது நிற்பது 1858இல் ஏற்றியது. கட்டியபோது அது தீவின் மேற்கு முனைக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று அதன் அடியில் நின்றால் மேற்கே இன்னும் ஏறக்குறைய 5 மைல் தீவு இருக்கிறது. அலை மணலை மேற்கே தள்ளிக்கொண்டே போனதில் தீவு நீண்டுவிட்டது. கல்தடுப்பு போட்டுத்தான் நிறுத்தினார்கள். 1938 செப்டம்பர் 21 அன்று வந்த பெரும்புயல் சால்டேரிலும் ஃபேர் ஹார்பரிலும் வீடு வீடாகப் பிடுங்கிக்கொண்டு போனது.

நான் வேலை செய்த மரத்தளமும் இப்போது இல்லை. சாண்டி கொண்டுபோய்விட்டது. புதுத் தூண் நட்டுப் புதுத் தளம் போட்டிருக்கிறார்கள், முன்னைவிட உயரமாக. காலைத் தொங்கப்போட்டால் தண்ணீர் எட்டவில்லை. அது எனக்கு வருத்தம்தான், ஆனால் அவர்கள் செய்ததுதான் சரி.

ஆகஸ்ட் 18

இரண்டு நாளாக ஒன்று உறுத்துகிறது. "இருட்டும் வரை இருங்கள், முடிந்தால் தங்குங்கள்" என்று ஜூனிலிருந்து சொல்லிக்கொண்டே வருகிறேன். அங்கே ஒரு வார வாடகை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பல பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, அரைப் பங்கு கால் பங்கு என்று வார இறுதிகளைப் பிரித்துக்கொள்வதும் அதனால்தான். நான் தங்கியது எப்படி? கிச்சனுக்கு மேலே ஓர் அறையில் ஆறு பேர் படுத்தோம். அதைச் சம்பளத்தோடு கொடுத்தார்கள். இல்லாவிட்டால் ஓர் இரவுகூட எனக்குக் கட்டுப்படியாகியிருக்காது. எங்களோடு இருந்தவர்களில் இரண்டு பேர் கோடை வேலைக்கென்றே கடல் கடந்து வந்த மாணவர்கள். மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறைதான் தண்ணீரோர மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதுவும் கடை மூடிய பிறகு, மிஞ்சிய சூப்பை.

அதனால் நான்கு மணிப் படகைக் குறை சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பிள்ளைகள் சோர்ந்திருக்கும், அந்தப் பக்கம் இறங்கி இரண்டு மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இப்படிச் செய்யுங்கள். காலையில் போகாதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் போங்கள். நேரே பெருங்கடல். குளிக்கும்போது உயிர்காப்பாளர் நிற்கும் இடத்திலேயே குளியுங்கள். நீரோட்டம் உள்ளே இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வரவேண்டும். அப்புறம் காயல் பக்கம். ஒரு கிண்ணம் சூப்பும் ரொட்டியும் போதும், முழுச் சாப்பாடு அவசியமில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொண்டால், சாப்பிடும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய எட்டரை ஆகும். ஆகஸ்ட் கடைசியில் ஏழரைதான்.

செப்டம்பர் 4

ஜூனில் கேட்டவர் லேபர் டேக்கு முந்தின நாள் மறுபடி போயிருக்கிறார்! மதியப் படகில் போய், சூப்பு மட்டும் வாங்கி, இருட்டிய பிறகு வந்த படகில் மேல்தட்டில் உட்கார்ந்து திரும்பினார்களாம். "விலை இப்போதும் அதிகம்தான்" என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். திரும்பும்போது அவருடைய சின்ன மகள் தீவின் விளக்குகளை எண்ணிக்கொண்டே வந்து, எண்பத்து நாலில் தூங்கிவிட்டாளாம். இதைப் படித்ததில் எனக்கு இன்று முழுக்க சந்தோஷம்.

செப்டம்பர் 22

நேற்று தனியாகப் போனேன். படகில் மொத்தம் பதினோரு பேர். பழைய சமையல்காரர் இப்போதும் அதே கிச்சனில்தான் இருக்கிறார், தாடி முழுக்க வெள்ளை. மரத்தளத்தில் நாற்காலிகளை ஐந்தைந்தாக அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசையை மட்டும் எடுக்காமல் விட்டு, அதில் என்னை உட்காரவைத்தார். சூரியன் ஜூனில் இறங்கும் இடத்தைவிட வெகுவாக இடப்பக்கம் நகர்ந்து, நேர் மேற்கே போயிருந்தது. இளஞ்சிவப்புச் சூப்பு, ஒரு தட்டு லிட்டில்நெக். பையின் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். காயலில் எடுத்தது, அன்று காலைத் தேதி. பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். உள்ளே போய் ஆணியில் குத்தினார்.